சுஜா ஏற்றிய படம்

செப்டம்பர் 17, புதன்

இன்று எட்டாம் வகுப்பில் பொன்முடி மலையின் படம் ஒன்றைத் திரையில் போட்டேன். தேயிலைச் சரிவு, ஒரு வளைவுச் சாலை, ஓரத்தில் குடையோடு ஒரு பெண். "எதையும் நான் சொல்ல மாட்டேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டேன். முதலில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அனீஷ், "மழை இப்பத்தான் நின்னிருக்கு டீச்சர், ரோடு மினுங்குது, ஆனா அந்த சேச்சி குடையை மடக்கலை" என்றான். அவ்வளவுதான், வகுப்பு பிடித்துக்கொண்டது. மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் கண்டுபிடித்ததையெல்லாம் வகுப்பின் கூட்டு இணையதளத்தில் அவர்களே எழுதினார்கள். ஜூனில் நான் இதைத் தொடங்கியபோது ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். இந்த மலையாளப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் இருப்பதே ஒரு கைப்பிடிப் பிள்ளைகள், அவர்களுக்கு எதற்கு இணையதளம் என்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். யார் எதை மாற்றினார்கள் என்பது பெயரோடு வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். எதுவும் தொலைந்துபோகாது, பழையதை மீட்டுக்கொள்ளலாம். இதை அவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இதற்குள் சண்டை குறைந்து, திருத்தம் கூடியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவர். "பிள்ளைக படம் பார்க்கதுக்கும் சம்பளம் தாறானா சர்க்காரு?" என்றார். சிரித்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அனீஷ் 'தேயிளை' என்று எழுதியிருந்தான். நான் கை வைக்கவில்லை. மதியத்துக்குள் ஆர்யா திருத்திவிட்டாள். சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

புதுப் பாடம் கொடுத்தேன்: 'தூரத்திலிருந்து ஒரு படம்'. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் படத்தை ஏற்ற வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்து அந்த ஊரைப் பற்றி என்ன தெரிகிறது என்று அடியில் எழுத வேண்டும். இந்த வகுப்பில் யார் வீட்டில்தான் வெளியூர் இல்லை?

சாயங்காலம் கரமனையில் உள்ள வீட்டுக்கு வந்து, விளக்கேற்றிவிட்டுப் பார்த்தேன். முதல் படம் சுஜாவுடையது.

சுஜா வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடும் வேல்சாமியின் ஒரே மகள். சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம், வந்து பல வருஷமாகிறது. அம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறாள் என்பது பள்ளிக்கே தெரியும். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் அம்மாவின் படம் வரும், அதை அவள் எல்லாரிடமும் காட்டுவாள். அப்போது மட்டும் பேசுவாள்.

படத்தில் அவள் அம்மா ஒரு கடையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். நீலச் சேலை. லேசான சிரிப்பு. சுஜா எழுதியிருப்பது இது: 'என் அம்மா குவைத்தில் வேலை செய்கிறார். அங்கே வெயில் அதிகம். நண்பர்களே, இந்தப் படத்தைப் பார்த்து குவைத்தைப் பற்றி என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.'

நான் பார்த்தேன். நான்தானே பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள்.

அவள் தோளுக்குப் பின்னால் கண்ணாடியில் தெரு தெரிகிறது. ஒரு பேருந்து. முகப்பில் பிங்க் நிறம் அடித்த, தமிழ்நாட்டு அரசு டவுன் பஸ். நெற்றிப் பலகையில் எழுத்து தலைகீழாக இல்லை, இடம் வலமாக மாறியிருக்கிறது. எனக்கு அதைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்தது நாகர்கோவில். அந்தத் துணிக்கடை வரிசையில்தான் என் கல்யாணச் சேலையே எடுத்தோம்.

வடசேரி.

குவைத் இல்லை, நாகர்கோவில். இங்கேயிருந்து பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம்.

செப்டம்பர் 25, வியாழன்

ஒருவேளை லீவில் வந்திருக்கும்போது எடுத்த படமோ? சுஜாவைப் பார்க்காமலே போய்விட்டாளோ? ராத்திரி முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும் பழவங்காடிக்குப் போனேன்.

வேல்சாமி ஹோட்டல் வாசலில் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "டீச்சரே, மோள் எந்தெங்கிலும் குழப்பம் செஞ்சாளா?" என்று பயந்தார். பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன். பஸ்ஸை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"கண்ணாடியில பஸ்ஸு தெரியும்னு யாரு கண்டா டீச்சரே" என்றார்.

அவள் பெயர் செல்வமணி. சுஜா ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வீட்டைவிட்டுப் போனாள். அங்கே துணிக்கடையில் வேலை. அதே கடையில் தையல் வேலை செய்கிற ஒருவரோடு இருக்கிறாள். சண்டை, அடி, குடி ஒன்றும் இல்லை என்றார். "அதுதான் எனக்கு மனசிலாகல. ஒருநாள் சாயா போட்டுத் தந்துட்டு, நான் போறேன்னா."

குவைத் என்று சொன்னது இவர்தான். "ஓடிப்போனான்னு சொன்னா எங்க லைன் வீட்டுல பிள்ளையப் பாத்து என்ன பேசுவாங்க? மோள் பத்தாம் கிளாஸ் முடிக்கட்டும், உண்மையைப் பறையலாம்னு இருந்தேன். செல்வமணிகிட்டயும் கெஞ்சினேன், வருஷத்துக்கு ரெண்டு படம் அனுப்பு, சுவத்துக்கு முன்னால நின்னு எடுன்னு. இந்தத் தடவை கதவுக்கு முன்னால நின்னுட்டா."

கையெடுத்துக் கும்பிட்டார். கையெல்லாம் மாவு. "மோள்கிட்ட ஒண்ணும் பறையாதீங்க டீச்சர்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 26, வெள்ளி

விடாத மழை. கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டார். காலையில் முதல் வேலையாக அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். "அடுத்த வீட்டு சமாச்சாரத்துல நீ எதுக்குட்டீ தலையிடுத? எடுத்தாச்சுல்லா, விடு" என்றார்.

எடுத்தாகிவிட்டது. அப்புறமும் இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

படம் திரும்ப வந்திருக்கிறது.

சுஜா வரலாற்றுப் பக்கத்துக்குப் போய்ப் பழைய வடிவத்தை மீட்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு தவறும் இல்லாமல். அடியில் ஒரு வரி: 'என் அம்மாவை யாரும் எடுக்கக் கூடாது.'

படத்தை என்று எழுதவில்லை. அம்மாவை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் படத்தின் அடியில்தான் இருக்கிறார்கள். எவ்வளவு நன்றாகப் பார்க்கிறார்கள்! ஆர்யா: 'நிழல் குட்டையாக இருக்கிறது, அதனால் மதியம்.' அனீஷ்: 'குவைத்திலும் பிங்க் பஸ் உண்டா?' ஆர்யா அதற்கு: 'அங்கே நிறைய இந்தியர்கள் உண்டு, இருக்கலாம்.' பிறகு யோசுவா: 'கண்ணாடியில் ஏதோ எழுத்து இருக்கிறது. படத்தைத் திருப்பிப் பார்த்தால் வாசிக்கலாம்.'

வேறு எந்தப் படமாக இருந்தாலும் யோசுவாவை வகுப்பில் எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

மறுபடி எடுத்தால் மறுபடி மீட்பாள். வேல்சாமிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சுஜாவிடம் இருக்கும் பழைய போனுக்கு அடித்தேன்.

"சுஜா, அந்தப் படம் வேண்டாம் மக்கா. வேற ஒண்ணு போடலாம்."

"எந்தினு டீச்சர்?"

ஏன் என்று கேட்டாள். படம் தெளிவாக இல்லை என்றேன். எட்டாம் வகுப்புக்கு இத்தனை மாதம் பாடம் நடத்தியவள் சொன்ன பதில் இது.

"தெளிவாத்தான் டீச்சர் இருக்கு" என்றாள். மெதுவாக, மரியாதையாக. போனை வைத்துவிட்டாள்.

உண்மையை நான் சொல்லியிருக்கணுமோ? ஒரு வாக்குத்தானே கொடுத்தேன், அந்த மனுசன் கும்பிட்டாருன்னு. பிள்ளை என்கிட்ட நேரா கேட்டாளே. நேரா கேட்டாளே!

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இணையதளத்தைத் திறந்தேன். கடைசியாக ஒரே ஒரு சொல். சுஜா எழுதியது.

'வடசேரி.'

வகுப்புக்கு ஓடினேன். அவள் இடம் காலி. ஆர்யா அழுதுகொண்டிருந்தாள்.

வேல்சாமியைக் கூப்பிட்டேன். யூனிபார்ம் போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினாளாம். ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, தம்பானூர் பஸ் நிலையத்தில் அவரைச் சந்தித்து, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் மழை. மார்த்தாண்டத்தில் பஸ் நகரவே இல்லை. அவர் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறை தலையைத் தூக்கி, "அவளுக்கு பஸ்ஸுல போனா ஓக்கானம் வரும் டீச்சரே, எலுமிச்சம்பழம் கொடுத்துவிடணும்" என்றார்.

கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. சுஜா வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஈர யூனிபார்ம். கையில் ஒரு கலர் பாட்டில், குடிக்காமல் வைத்திருந்தாள். பக்கத்தில் செல்வமணி, பிள்ளையின் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டு நின்றாள். அவள் எங்கள் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தேன். வயிறு. ஏழு மாதம் இருக்கும்.

வேல்சாமி படியேறவில்லை. வெளியே மழையிலேயே நின்றுவிட்டார்.

செல்வமணி என்னிடம் வந்தாள். நான் யார் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. "வந்து நின்னதும் என்ன கேட்டா தெரியுமா டீச்சர்? 'குவைத்துல இருந்து எப்பம்மா வந்தே'ன்னு கேட்டா. எல்லாம் தெரிஞ்சு வந்த பிள்ளை. நான் பொய் சொல்லிக்கிடட்டும்னு வழி விட்டுத் தந்தா டீச்சர். நான் என்ன சொல்லுவேன்?"

"என்ன சொன்னீங்க?"

"நான் போகவே இல்ல மக்கான்னு சொன்னேன்."

பேச ஆரம்பித்ததும் அவளால் நிறுத்த முடியவில்லை. "அவரு நல்ல மனுசன்தான். ஒரு சொல் சொன்னதில்ல. என்னால அங்க இருக்க முடியல, அவ்வளவுதான். அதை எந்தப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்ல? பிள்ளைய கூட்டிட்டு வந்திருப்பேன். எங்க கூட்டிட்டு வர? இவரு வீட்டுல ஒத்த முறி, படுக்கவே இடமில்ல."

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுஜா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "போகலாம் டீச்சர்" என்றாள். செல்வமணி அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை உருவவில்லை. பிடிக்கவும் இல்லை. அம்மாவாக விடும்வரை அப்படியே நின்றாள்.

வெளியே அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா, நிங்களுக்கு அறியாம்தானே?"

தெரியும் என்று அவர் தலையசைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், அப்பாவின் பக்கத்தில் இல்லை. களியக்காவிளை தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "படத்தை எடுத்தது நீங்கதான்னு அன்னிக்கே தெரியும் டீச்சர். ஹிஸ்டரியில பேரு இருந்தது."

'யாரும்' என்று எழுதியிருந்தாளே. என் பெயரை எழுதவில்லையே.

அக்டோபர் 3, வெள்ளி

பூஜை விடுமுறை. இன்று அந்தப் பக்கத்தை மொத்தமாக நீக்கிவிடலாம் என்று திறந்தேன். ஆர்யாவின் நிழல், அனீஷின் பஸ், யோசுவாவின் எழுத்து, ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் எழுதியதை அவரவரே அழித்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் சுஜாவின் படம் மட்டும் நின்றது. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை என்று மூடிவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "டீச்சரே, படம் காட்டிப் படிப்பிக்கிறது நல்ல காரியம். ஞானே எல்லாரிடத்தும் பறஞ்சிருக்கேன். ஆனா பிள்ளைங்களோட வீட்டை எதுக்கு கிளாசுக்குக் கொண்டுவரணும்?"

தலைகுனிந்து நின்றேன். அவர் சொன்னது சரிதான். சொந்தக்காரர் படம் இல்லாமல் 'தூரம்' என்பதை நான் வேறெப்படியும் சொல்லிக்கொடுத்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் பிடித்தது என்பதற்காக, அவர்கள் வீட்டுக் கதவை நானே தள்ளித் திறந்தேன்.

இணையதளத்தில் இனி பாடப்புத்தகப் படங்கள் மட்டும். பிள்ளைகள் படிக்கலாம், எழுத முடியாது. பூட்டுப் போட்டாகிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

சுஜா வந்தாள். அதே இடத்தில் உட்கார்ந்தாள். எல்லாருக்கும் வணக்கம் சொன்னது போலவே எனக்கும் வணக்கம் சொன்னாள்.

அக்டோபர் 17, வெள்ளி

வேல்சாமி பள்ளி வாசலில் நின்றிருந்தார். மகள் வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். சமைத்து வைக்கிறாள், துணி துவைக்கிறாள், அப்பாவின் தட்டைக் கழுவி வைக்கிறாள். "ஒண்ணு வைதாலும் கொள்ளாம் டீச்சரே" என்றார். "நான் பறஞ்சது கள்ளம்தானே. வைதா கேட்டுக்கிடுவேன்."

என்னிடமும் அவள் அப்படித்தான் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று ஆறுகள் பாடம். பாடப்புத்தகத்தில் உள்ள ஓர் ஆற்றின் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, பழையபடி, "என்ன தெரிகிறது?" என்றேன்.

யாரும் கை தூக்கவில்லை. அனீஷ் கூட. தெரியாமல் இல்லை. கண்கள் திரையில் மேய்வது எனக்குத் தெரிந்தது. கரையில் கிடந்த செருப்பை யோசுவா பார்த்துவிட்டான் என்று அவன் முகமே சொன்னது. சொல்லவில்லை.

கடைசியில் ஆர்யா எழுந்தாள். "டீச்சர், பார்த்ததை எல்லாம் பறையணுமா?"

வேண்டாம், உட்கார் என்றேன். மீதி நேரம் நானே பேசினேன். கரும்பலகையில் எழுதிப்போட்டேன், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். முன் பெஞ்சில் சுஜா என் கையெழுத்தை விட அழகாக எழுதிக்கொண்டிருந்தாள்.

கழிப்பறையில் போய் அழுதேன். இந்த வயதில்.

நவம்பர் 26, புதன்

இவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது திடீரென்று, "அந்தப் பிள்ளை எப்படி இருக்கா?" என்றார். நான் மோரை ஊற்றினேன். "அவ அப்பன் போட்டுத் தாற பரோட்டாவத்தான் இத்தனை வருஷமா தின்னிருக்கேன். ஆளு முகத்தப் பார்த்ததில்ல பாத்துக்கோ" என்றார். இவர் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு சுஜா மட்டும் நின்றாள். மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"டீச்சர், அம்மைக்குக் குழந்தை பிறந்தாச்சு. பெண். அப்பாவோட போனுக்கு அம்மை மெசேஜ் அனுப்பியிருந்தா."

"போய்ப் பார்க்கணும்னு இருக்கா மக்கா?"

யோசித்தாள். "அந்தக் குழந்தைகிட்ட அம்மை எங்க வேலைக்குப் போறான்னு பறைவா டீச்சர்?"

இந்த முறை பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலை சுஜா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு முன்னால் தம்பி வீட்டை எட்டிப்பார்க்கலாம் என்று தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். மூன்றாவது சீட்டில் வேல்சாமியும் சுஜாவும். அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சுஜா மடியில் ஒரு துணிக்கடைப் பை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

செல்வமணியைப் பார்க்க மகளைக் கூட்டிப்போவது இது இரண்டாவது தடவையாம். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். "அவளா கேட்டா டீச்சரே. தனியா விட முடியுமா? அதான்."

பாறசாலை வரும்போது பார்த்தேன், சுஜா கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

வடசேரியில் இறங்கினோம். எதிர்ச் சாரியில் செல்வமணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். சுஜா சாலையைப் பார்த்துக் கடந்தாள். போனதும் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குழந்தையைக் கேட்டு வாங்கினாள். கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கத் தெரிந்திருக்கிறது. இருவரும் நடந்து, துணிக்கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் திரும்பினார்கள்.

"அவ போயிட்டு வார வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்" என்றார் வேல்சாமி. "சாயா குடிக்கலாமா டீச்சரே?"

குடித்தோம். சந்தின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கிளாஸ் காலியான பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"குழந்தைக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு மோள் எங்கிட்ட இன்னும் பறையல. நானும் கேக்கல. அவளா ஒருநாள் பறையட்டும்."

தம்பி இரண்டு முறை போன் போட்டுவிட்டான். எடுக்கவில்லை. கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.